எதையும் தூக்கி எறியாத வீடு

ஒரு பழைய வீட்டைப் பற்றிப் படிக்கப் போகிறோம்.

மரத்தடிகளை வைத்துக் கட்டிய மாடி வீடு. 1862-ஆம் ஆண்டில் கட்டியது. பின்பக்கம் செங்கல்லால் சேர்த்துக் கட்டிய பகுதி இருக்கிறது. வீட்டைச் சுற்றி மாட்டுப் பட்டிகள், கொட்டகைகள், கொல்லுப்பட்டறை. வேலையாட்கள் படுத்து உறங்கிய கட்டடமும் இருக்கிறது. அதற்கு அப்பால் புல்வெளி. புல்வெளியில் மாடுகள் மேய்கின்றன.

இந்த வீடு நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. அந்த நாட்டின் வடமேற்கில் மொன்டானா என்று ஒரு மாநிலம் உண்டு. அதற்கு வடக்கே கனடா நாடு. மொன்டானாவில் டீர் லாட்ஜ் என்பது ஒரு சிறிய ஊர். அந்த ஊரை ஒட்டி இந்தப் பண்ணை இருக்கிறது. பெயர் கிரான்ட்-கோர்ஸ் பண்ணை. கிரான்ட் என்பவர் வீட்டைக் கட்டினார். கோர்ஸ் என்பவர் அதை விலைக்கு வாங்கினார். இரண்டு பெயரும் சேர்ந்து பண்ணையின் பெயர் ஆனது.

இன்று இந்தப் பண்ணை அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கட்டணம் இல்லை.

எங்கள் மையத்தில் இதைப் படித்துக் காட்டினேன். மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ராஜா வீடு என்றால் பார்க்கலாம். மாட்டுக்காரன் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?"

நல்ல கேள்வி. பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம்.

இரண்டுக்கு ஒன்று

ஜானி கிரான்ட் கனடாவில் பிறந்தவர். 1850-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மேற்கே நல்ல நிலம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். அப்போது அங்கே ரயில் இல்லை. மாட்டு வண்டியில்தான் பயணம். நான்கு மாதம், ஐந்து மாதம் நடக்க வேண்டும். போகும் வழியில் மாடுகளின் குளம்பு தேய்ந்துவிடும். மாடு இளைத்து, எலும்பும் தோலும் ஆகிவிடும். வண்டி நின்றுவிடும்.

கிரான்ட் குடும்பத்தார் அந்த வழியில் காத்திருப்பார்கள். ஓய்ந்துபோன இரண்டு மாடுகளைக் கொடுத்தால் நல்ல மாடு ஒன்றைத் தருவார்கள். வண்டிக்காரருக்கு வேறு வழி இல்லை. கொடுத்துவிட்டுப் போவார்.

ஓய்ந்த மாடுகளைக் கிரான்ட் மொன்டானாவின் பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிச் செல்வார். அங்கே புல் செழிப்பாக இருக்கும். குளிர்காலம் முழுவதும் அவை மேயும். அடுத்த ஆண்டு அதே மாடுகள் கொழுத்து நிற்கும். அவற்றை மறுபடியும் வழிக்குக் கொண்டுவருவார். மறுபடியும் இரண்டுக்கு ஒன்று.

மாடு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடு நோயில் விழவில்லை. களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அதற்கு வேண்டியது புல்லும் ஓய்வும். அந்த அறிவுதான் கிரான்டின் முதல். இப்படித்தான் அவருடைய மந்தை பெருகியது. 1862-இல் டீர் லாட்ஜில் இந்த வீட்டைக் கட்டினார். அந்த நாளில் அந்தப் பக்கத்தில் இவ்வளவு நல்ல வீடு அபூர்வம்.

அவர் மனைவி பெயர் குவாரா. அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண். குவாராவைப் பற்றிப் பிறகு மறுபடியும் பேசுவோம்.

தங்கம் தேடி வந்தவர்

அதே 1862-ஆம் ஆண்டு மொன்டானாவில் தங்கம் கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கான்ராட் கோர்ஸ். இன்றைய ஜெர்மனி நாட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனவர். தங்கம் தேடி வந்தபோது கையில் காசு இல்லை.

அவருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. ஓர் இறைச்சிக் கடையில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் கடைக்காரர் ஒரு தகராறில் ஊரைவிட்டே ஓடிப்போனார். கோர்ஸ் கடையைத் தானே நடத்தினார். தங்கம் தோண்டுகிறவர்கள் எல்லாரும் சாப்பிட வேண்டுமே! கடைக்கு மாடு வேண்டும். மாடு வாங்கக் கிரான்டிடம் போனார். பிறகு பண்ணையையே வாங்கிவிட்டார். ஆண்டு 1866. விலை 19,200 டாலர்.

அடுத்த ஆண்டு குவாரா இறந்தார். கிரான்ட் தன் பிள்ளைகளோடு கனடாவுக்குத் திரும்பினார்.

1868-இல் கோர்ஸுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் அகஸ்டா. வயது 19. நகரத்தில் இருந்தவர். மிசூரி ஆற்றில் நீராவிப் படகில் வந்தார். படகுத்துறையிலிருந்து குதிரை வண்டியில் வந்தார். வந்து சேர ஏழு வாரம் ஆனது. வந்து பார்த்தால் ஆண்கள் மட்டும் வாழ்ந்த வீடு. நாற்காலி நாலு, அழுக்கு நிறைய என்ற நிலை. அகஸ்டா முதலில் வீட்டைக் கழுவித் துடைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் சேர்த்தார். கட்டில், மேசை, விளக்கு, கண்ணாடி, பீங்கான் பாத்திரம் என்று பெரிய நகரங்களில் பார்த்துப் பார்த்து வாங்கினார். 1890-இல் செங்கல் பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். அதோடு வீட்டில் 23 அறைகள் ஆயின.

வேலி இல்லாத புல்வெளி

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? புல்லிலிருந்து வந்தது.

மொன்டானாவின் கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. அதற்கு வேலி கிடையாது. அரசு நிலம். யார் வேண்டுமானாலும் மாட்டை மேய விடலாம். கோர்ஸும் அவர் தம்பி ஜான் பீலன்பெர்க்கும் மாடுகளை அங்கே விட்டார்கள். அவர்களுடைய மாடுகள் மேய்ந்த பரப்பு ஒரு கோடி ஏக்கர் வரை இருந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். நான்கு மாநிலங்களிலும் கனடாவிலும் அவை மேய்ந்தன. அந்த நிலம் முழுவதும் அவர்களுக்குச் சொந்தம் இல்லை. புல் இலவசம், அவ்வளவே.

பல பேருடைய மாடுகள் கலந்து மேயும். யார் மாடு என்று எப்படித் தெரியும்? சூடு போட்ட அடையாளத்தால்தான் தெரியும். வசந்த காலத்தில் எல்லாப் பண்ணை ஆட்களும் குதிரையில் போய் மாடுகளைச் சுற்றி வளைப்பார்கள். கன்று எந்தத் தாயின் பின்னால் போகிறதோ, அந்தத் தாயின் அடையாளத்தையே கன்றுக்கும் போடுவார்கள். கோர்ஸ் பண்ணையின் அடையாளம் ஆங்கில எழுத்து இரண்டு: சி, கே. புத்தகம் படிக்கத் தெரியாத மேய்ப்பரும் மாட்டின் மேல் இருந்த எழுத்தைப் படித்தார்!

மேய்ப்பர்களின் வேலை கடினம். பகல் முழுவதும் குதிரை மேல். இரவில் மந்தைக்குக் காவல். சாப்பாடு, சமையல் வண்டியில். சம்பளம் மாதம் 30, 40 டாலர். சினிமாவில் காட்டுவதுபோல் துப்பாக்கிச் சண்டை போட அவர்களுக்கு நேரம் இல்லை.

1883-இல் மொன்டானா வழியாக ரயில் பாதை போட்டு முடித்தார்கள். அதன் பிறகு மாடுகளை ரயிலில் ஏற்றிச் சிகாகோ நகரத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். கோர்ஸ் ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 மாடுகள் அனுப்பினார்.

பெரும் பனி

பிறகு ஒரு கெட்ட காலம் வந்தது.

1886-ஆம் ஆண்டுக் கோடையில் மழை இல்லை. புல் கருகியது. புல்வெளியில் மாடுகளோ மிக அதிகம். இலவசப் புல் என்றால் எல்லாரும் மாட்டைக் கொண்டுவந்து விடுவார்கள் அல்லவா? குளிர்காலம் தொடங்கும்போதே மாடுகள் இளைத்திருந்தன.

பனி சீக்கிரமே விழுந்தது. ஜனவரியில் கொஞ்சம் வெயில் அடித்தது. பனி உருகியது. மறுபடியும் கடுங்குளிர் வந்தது. உருகிய பனி கண்ணாடிபோல் இறுகிவிட்டது. புல் அதற்கு அடியில். குதிரை குளம்பால் பனியைச் சுரண்டிப் புல்லை மேயும். மாட்டுக்கு அது தெரியாது. மூக்கால் தள்ளிப் பார்க்கும். மூக்கில் ரத்தம் வரும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர் இறங்கியது. மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன.

வசந்தம் வந்து பனி உருகியபோது ஆற்றில் மாட்டுப் பிணங்கள் மிதந்தன. பல பண்ணைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. பல முதலாளிகள் தொழிலை விட்டே போனார்கள்.

கோர்ஸுக்கும் பெரிய நட்டம். ஆனால் பியூட் என்ற ஊரில் இருந்த ஒரு வங்கி முதலாளி அவரை நம்பி 1,00,000 டாலர் கடன் கொடுத்தார். கோர்ஸ் சில ஆண்டுகளில் அதை முழுவதும் திருப்பிக் கட்டினார்.

அந்தப் பனிக்குப் பிறகு பண்ணைக்காரர்களின் பழக்கம் மாறியது. கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்தார்கள். போர் போட்டு வைத்தார்கள். முள்கம்பி வேலி கட்டினார்கள். இத்தனை மாட்டுக்கு இவ்வளவு புல் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இலவசப் புல்லின் காலம் மெல்ல முடிந்தது. சிறு விவசாயிகள் வந்து புல்வெளியை உழுதார்கள். கோர்ஸ் வயதான காலத்தில் தன் மந்தைகளையும் நிலத்தில் பெரும் பகுதியையும் விற்றுவிட்டார். வீட்டைச் சுற்றிச் சுமார் 1,000 ஏக்கர் மட்டும் மிஞ்சியது. 1920-இல் அவர் காலமானார்.

இதுவரை நாம் பார்த்தது போன்ற கதை மொன்டானாவில் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அந்த வீடுகள் பல இன்று இல்லை. இந்த வீடு மட்டும் எப்படித் தங்கியது?

பாட்டியும் பேரனும்

கோர்ஸ் இறந்த பிறகு அகஸ்டா பாட்டி வேறு நகரத்தில் வாழ்ந்தார். ஆனால் கோடைதோறும் பண்ணை வீட்டுக்கு வருவார். அவர் வாங்கிய சாமான்கள் அவர் வைத்த இடத்திலேயே இருக்கும். 1945-இல் தன் 96-ஆம் வயதில் இறந்தார்.

பேரன் பெயர் கான்ராட் வாரன். மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். 1932-இல் பண்ணையை நிர்வகிக்க வந்தார். 1940-இல் பண்ணையைத் தானே வாங்கினார். நல்ல சாதி மாடுகளும் பெரிய வேலைக் குதிரைகளும் வளர்த்தார். அவரும் மனைவி நெல் அம்மாவும் பெரிய வீட்டில் குடியேறவில்லை. பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டில் வாழ்ந்தார்கள். அதனால்தான் பாட்டி வீடு மாறவே இல்லை.

சாதாரணமாக என்ன நடக்கும்? பெரியவர் இறந்ததும் பழைய கட்டிலை விற்போம். கடிதங்களை எரிப்போம். உடைந்த வண்டியை விறகு ஆக்குவோம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் தாத்தாவின் தகரப் பெட்டியை எடைக்குப் போட்டோம். உள்ளே என்ன காகிதம் இருந்தது என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை.

வாரன் குடும்பத்தார் அப்படிச் செய்யவில்லை. வண்டி, ஏர், சேணம், லாடம், சூட்டுக்கோல் எல்லாவற்றையும் கொட்டகையில் வைத்தார்கள். கணக்குப் புத்தகம், கடிதம், ரசீது எல்லாவற்றையும் வைத்தார்கள். எத்தனை மாடு விற்றது, என்ன விலைக்கு விற்றது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் இன்று தெரிவது அந்தக் காகிதங்களால்தான்.

வாரனுக்கும் வயதாகியது. தனக்குப் பிறகு பண்ணை என்ன ஆகும் என்ற கேள்வி வந்தது. ஒருவர் வீட்டை வாங்குவார், ஒருவர் நிலத்தை வாங்குவார், ஒருவர் சாமானை ஏலம் எடுப்பார். அப்புறம் எல்லாம் பிரிந்துபோகும். பிரியாமல் இருக்க வேண்டும் என்றால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். 1970-ஆம் ஆண்டு வாக்கில் பண்ணையின் முக்கியப் பகுதி தேசியப் பூங்காத் துறைக்காக வாங்கப்பட்டது. 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதைத் தேசிய வரலாற்று இடம் ஆக்கியது. பிறகு இன்னும் நிலம் சேர்ந்தது. இன்று சுமார் 1,600 ஏக்கர். பழைய கட்டடங்களும் பட்டிகளும் மற்றக் கட்டுமானங்களும் 80-க்கு மேல்.

காப்பது என்றால் என்ன?

வீட்டைப் பூட்டி வைத்தால் காத்ததாகுமா? ஆகாது. பூட்டிய வீட்டில் எலி வரும், பூச்சி வரும், கூரை ஒழுகும். வெயில்கூடப் பகைதான். திரைச்சீலையும் காகிதமும் வெயில் பட்டால் வெளுத்துப் பொடியாகும். அதனால் வெளிச்சத்தை அளவாக உள்ளே விடுகிறார்கள். ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். ஒரு மரத்தடி உளுத்துப்போனால் அந்த இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள். என்ன செய்தோம் என்று எழுதியும் வைக்கிறார்கள். அடுத்துப் பழுது பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

பண்ணைக்கு இது போதாது. பண்ணையில் மாடு இருக்க வேண்டும். இங்கே இன்றும் மாடுகள் கன்று போடுகின்றன. வேலி கட்டுகிறார்கள். கொல்லர் உலை மூட்டி இரும்பு அடித்துக் காட்டுகிறார். பெரிய வேலைக் குதிரைகள் இன்றும் இங்கே உண்டு.

போர் போடும் பழைய கருவி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உயரமான மரச் சட்டம். சாய்வாக நிற்கும், ஒரு சறுக்கு மரம்போல. கீழே ஒரு பெரிய மரத் தட்டில் காய்ந்த புல்லைக் குவிப்பார்கள். தட்டு கயிற்றில் கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையைக் குதிரைகள் இழுக்கும். தட்டு சாய்வில் ஏறி உச்சிக்குப் போய்ப் புல்லை அந்தப் பக்கம் கொட்டும். அங்கே ஆட்கள் நின்று போரைச் சீராக மிதிப்பார்கள். மொன்டானா விவசாயிகளே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. குதிரை இழுக்க வேண்டும், கயிறு முறுக வேண்டும், புல் விழ வேண்டும். அப்போதுதான் புரியும். கட்டடத்தைச் செங்கல்லும் மரமும் கொண்டு காக்கலாம். வேலையைச் செய்துதான் காக்க முடியும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. இவர்கள் பண்ணையை 1862-ஆம் ஆண்டோடு நிறுத்தவில்லை. பேரன் காலத்துச் சாமானும் அங்கே உண்டு. தாத்தா மட்டும்தான் வரலாறு என்று நினைத்திருந்தால் பேரனின் டிராக்டரைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள்.

மண்ணையும் காக்க வேண்டி வந்தது. பண்ணை வழியே கிளார்க் ஃபோர்க் ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல்பக்கம் செம்புச் சுரங்கங்களும் உருக்காலைகளும் இருந்தன. 1908-இல் பெருவெள்ளம் வந்தது. சுரங்கக் கழிவை அடித்துக்கொண்டு வந்து கரையில் பரப்பியது. அதில் செம்பும் ஆர்சனிக் என்ற நஞ்சும் இருந்தன. சில இடங்களில் புல்லே முளைக்கவில்லை. நூறு ஆண்டுக்குப் பிறகுதான் நச்சு மண்ணை வெட்டி எடுத்தார்கள். நல்ல மண் போட்டுச் செடி நட்டார்கள். புல் இல்லாத பண்ணை வெறும் வீடுதானே!

வீட்டில் இல்லாதது

இப்போது குவாராவிடம் திரும்பி வருவோம்.

கோர்ஸ் மாடுகளை விட்ட அந்தப் புல்வெளி காலியாகக் கிடந்த நிலம் இல்லை. பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வேட்டையாடி வாழ்ந்தார்கள். லட்சக்கணக்கான காட்டெருமைகள் மேய்ந்தன. தோலுக்காக அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். 1884-க்குள் மொன்டானாவில் காட்டெருமை கிட்டத்தட்ட அழிந்துபோனது. பழங்குடியினரை ஓர் எல்லைக்குள் ஒதுக்கினார்கள். அதன் பிறகே மாட்டு மந்தைகளுக்கு இடம் கிடைத்தது.

அந்த வீட்டில் முதலில் குடும்பம் நடத்தியவர் குவாரா. அவரும் பழங்குடிப் பெண். ஜானி கிரான்ட் முதிய வயதில் தன் கதையைச் சொல்ல, அவருடைய கடைசி மனைவி எழுதினார். அது புத்தகமாகவும் வந்தது. குவாராவைப் பற்றிப் பெரும்பாலும் அதில்தான் தெரிகிறது. கணவர் சொன்னதுதான் தெரிகிறது. அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அகஸ்டாவின் கட்டில் தெரியும், மேசை தெரியும், பீங்கான் பாத்திரம் தெரியும். குவாராவின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். இன்று அந்தப் பெயரையும் அங்கே சொல்கிறார்கள்.

எங்கள் மையத்துப் பெரியவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது சொன்னார்: "அந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை இன்னொரு தடவை சொல் தம்பி. நாளைக்கு என் பையனிடம் சொல்ல வேண்டும்."

பேசிப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

கிரான்டிடம் 10 நல்ல மாடுகள் இருந்தன. எல்லாவற்றையும் இரண்டுக்கு ஒன்றாக மாற்றினார். இப்போது எத்தனை மாடுகள்? அடுத்த ஆண்டு அவற்றையும் மாற்றினார். இப்போது எத்தனை?

பனியில் மாடுகள் செத்தது பனியால் மட்டுமா? வேறு காரணம் என்ன?

உங்கள் வீட்டில் மிகப் பழைய பொருள் எது? அது யாருடையது? இப்போது எங்கே இருக்கிறது? வீட்டுப் பெரியவரைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள். எழுதிய தாளில் தேதி போடுங்கள்.